நிலாவில் பிறந்த பெண் நின்றாளா

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், நடவு நடக்கும் ஒரு மழைமாதம். அரியாங்குப்பம் பாலம் தாண்டி ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த நான் ஈரச் சாலையில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டேன். நகருக்குள் ஓர் ஆஸ்பத்திரியில், பெண்களுக்கான எலும்பு வார்டில், ஆறு வாரம் மல்லாந்து கிடந்தேன். முழங்காலுக்குக் கீழே கம்பி செருகி, கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடைக்கல் தொங்கவிட்டிருந்தார்கள். கால் மேலே, தலை கீழே. வலி மாத்திரை போட்ட மதியங்களில் உடம்பு மெத்தையில் படாமல் ஒரு சாண் மேலே மிதப்பதுபோல் இருக்கும். மின்விசிறி மெதுவாகச் சுற்றும். பச்சை ஜன்னலின் பலகை இடுக்கில் நுழையும் வெயில் சுவரில் கோடு கோடாக விழும். ஒரு முறை கண்மூடித் திறந்தால் அது அடுத்த சுவருக்குப் போயிருக்கும். இடையில் போன நேரம் எங்கே போனது என்று தெரியாது.

அந்த அறையில் மூன்று கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் இடுப்பு ஆபரேஷன் முடிந்த ஓர் அம்மாள். வயது அறுபதை நெருங்கியிருக்கும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். மகன் பாரீசுக்குப் பக்கத்தில் வேலையில் இருந்தான். எல்லோரும் அவரை மதாம் என்றே கூப்பிட்டார்கள். கதவோரக் கட்டிலில் பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அக்கா. வீட்டில் நிலம் உண்டு. காலையில் நாற்று வேலை பார்த்துவிட்டு, வேன் ஏறி வந்து டவுன் ஓரத்துக் கம்பெனி ஒன்றில் சோப்பு அடுக்குகிறவர். வேன் படியில் தவறி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல் விட்டிருந்தது. வீக்கம் வடிந்ததும் மாவுக்கட்டு போட்டு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். நடுக்கட்டில் என்னுடையது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவள் என்பதால் நான் டீச்சர்.

சுவரில் ஒரு டிவி. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, தமிழில் குரல் கொடுத்த வெளிநாட்டுத் தொடர் ஒன்று வரும். அந்தத் தொடரின் உலகத்தில் பெரிய யுத்தங்கள் எதுவுமே நடக்கவில்லை. பீரங்கி செய்திருக்க வேண்டிய இரும்பையெல்லாம் ராக்கெட்டாகச் செய்து, நம் தாத்தா காலத்திலேயே மனிதர்கள் நிலாவில் ஊர் கட்டிக் குடியேறிவிட்டார்கள். கம்பளிச் சட்டையும் தொப்பியும் போட்ட ஆண்கள் கண்ணாடிக் கூரைக்குக் கீழே தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். கூரைக்கு மேலே பூமி நீலமாகத் தொங்கும்.

முதல் வாரம் அக்கா கேட்டார்: "இது எப்ப நடந்தது டீச்சர்? நமக்கு யாரும் சொல்லவே இல்லியே."

"நடக்கல அக்கா. இப்படி நடந்திருந்தா எப்படி இருக்கும்னு ஒரு கற்பனை."

"நடக்காததுக்கா இவ்ளோ அழுவுறாங்க?"

மதாம் வேறொன்று கேட்டார். "யுத்தமே இல்லியா? எந்த யுத்தமும்?"

"எந்த யுத்தமும் இல்ல மதாம்."

"அப்போ இந்தோசீனா யுத்தமும் இல்ல."

மறுநாள் கஞ்சி குடிக்கும்போது தானாகவே சொன்னார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். மகளுக்கு நாலு வயதாகும்போது கப்பலேறி இந்தோசீனா யுத்தத்துக்குப் போனவர் திரும்பவில்லை. "கிளம்பும்போது தொப்பியைக் கழட்டி என் தலையில வெச்சாரு. பெரிய தொப்பி. மூஞ்சியே மறைஞ்சிபோச்சு. எடுக்கறதுக்குள்ள அவரு திரும்பி நடந்துட்டாரு. தொப்பிக்குள்ள இருட்டா இருந்தது, வேர்வை வாசனை வந்தது. அப்பான்னா எனக்கு அவ்ளோதான்."

நான் சொல்ல வந்தது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அன்றைய பகுதியில் நிலாவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பத்து வயதுப் பெண் வந்தாள். பூமியை அவள் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்திருக்கிறாள். அவளுக்கு ஒரே ஆசை, கடலைப் பார்க்க வேண்டும். டாக்டர் வேண்டாம் என்கிறார். கனம் குறைந்த இடத்தில் வளர்ந்த எலும்பு, பூமியில் கால் ஊன்றினால் தாங்காது என்கிறார். அம்மா மூன்று நாள் யோசிக்கிறாள். பிறகு மகளைப் போர்வையில் சுற்றி, ராக்கெட்டில் உட்காரவைத்து அழைத்து வருகிறாள். ஒரு கடற்கரையில் இறங்குகிறார்கள். கதவு திறக்கிறது. வெளிச்சம். அலைச் சத்தம். அந்தப் பெண் அம்மாவின் கையை விட்டுவிட்டு, வெறுங்காலை ஏணிக்குக் கீழே இறக்குகிறாள்.

எலும்பு உடைந்த மூன்று பேரும் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது டாக்டர் உள்ளே வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் காலையிலேயே வந்துவிட்டுப் போய்விடுவார். அன்று ஏதோ அவசர ஆபரேஷன் இருந்ததாம். டாக்டர் வந்தால் டிவியை அணைக்க வேண்டும் என்பது சட்டம். சிஸ்டர் அணைத்தார். டாக்டர் என் பாதத்தைத் தடவி, "விரலை ஆட்டுங்க" என்றார். ஆட்டினேன். அவர் போன பிறகு டிவியைப் போட்டால் தொடர் முடிந்து சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நின்னாளா?" என்றார் மதாம்.

அக்காவுக்கு அது முக்கியமாகவே படவில்லை. "நிக்கிறதாவது! டாக்டர் அவ்ளோ சொல்லியும் இட்டுனு வர்றாளே, அவள்லாம் ஒரு பொம்பளையா? எம்பொண்ணு கேட்டா நான் ரெண்டு போட்டு உக்கார வெச்சிருப்பேன்."

"கடலைப் பாக்காம உசுரோட இருந்து என்னத்துக்கு?" என்றார் மதாம். "படுத்துகிட்டே பாத்தாலும் பாத்துட்டுப் போவட்டும்."

"பாத்துட்டு? அப்புறம் எம்மாதிரி கெடக்கணுமா?"

நான் புவியீர்ப்பு பற்றி, எலும்பின் பலம் பற்றி விளக்க ஆரம்பித்தேன். இருவருமே கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. சிஸ்டரின் வீடு நகரில் சாரம் என்ற பகுதியில் இருந்தது. அவருடைய அண்ணி அந்தத் தொடரை விடாமல் பார்ப்பவர். மறுநாள் சிஸ்டர் செய்தி கொண்டுவந்தார்: "செத்துட்டாளாம் மதாம். அம்மா மடியிலேயே." மதாம் அன்று சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். செவ்வாய்க்கிழமை என்னைப் பார்க்க வந்த பள்ளித் தோழி, கால் மணலைத் தொடுவதற்கு முன்னாலேயே படம் நின்று தொடரும் என்று போட்டுவிட்டதாகச் சொன்னாள். சாப்பாடு கொண்டுவரும் ஆயாம்மா, அவள் எழுந்து ஓடியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். மூன்று பேரும் பார்த்தது ஒரே பகுதியைத்தான். எனக்கு மாத்திரை மயக்கத்தில் மூன்றும் வரும். ஒரு தூக்கத்தில் அவள் ஓடுவாள். அடுத்ததில் போர்வைக்குள் கண் மூடியிருப்பாள். இன்னொன்றில் அந்தப் பாதம் மணலுக்கு மேலே அப்படியே நிற்கும், அலை வந்து வந்து திரும்பும்.

புதன்கிழமை அக்காவுக்கு மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தூக்கிப்போக வந்த புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றார். "எங்க ஊட்ல அந்தச் சேனல் வராது. ஞாயித்துக்கெழம நீங்க பாத்துட்டுச் சொல்லணும் டீச்சர். போன் பண்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அந்தத் தொடர் வரவில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. நாலரைக்கு சிஸ்டர் வந்து, "அந்த அக்கா லைன்ல இருக்காங்க. என்ன சொல்லட்டும்?" என்றார்.

உண்மையையே சொல்லிவிடுங்கள் என்று சொல்லத்தான் நான் வாயெடுத்தேன். அதற்குள் மதாம், "நின்னான்னு சொல்லும்மா. தண்ணியில கால் வெச்சான்னு சொல்லு" என்றார்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்தார். "சரின்னு மட்டும் சொல்லிட்டு வெச்சிட்டாங்க."

அடுத்த வாரமும் தொடர் வரவில்லை. அதன் பிறகும் வரவேயில்லை.

ஆறாவது வார முடிவில் என் கம்பியை எடுத்தார்கள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, வாக்கரை ஊன்றி முதல்முறை நின்றேன். தரை வெகு கீழே தெரிந்தது. என் உடம்பு இவ்வளவு கனமா என்று இருந்தது. கால் என்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தது. மூன்றெண்ணுவதற்குள் முழங்கால் மடங்கி, கட்டிலில் சரிந்தேன். மதாம் கைதட்டினார்.

இரண்டு நாள் கழித்து அக்கா மாவுக்கட்டை டாக்டரிடம் காட்ட வந்தார். கக்கத்தில் ஊன்றுகோல், கையில் ஒரு பை நிறைய அவித்த மல்லாட்டை. இன்னும் சூடாக இருந்தது. மதாமின் கட்டிலில் உட்கார்ந்து, கடலை ஓட்டை உடைத்துக்கொண்டே சொன்னார்:

"எங்கூட வேல செய்யிற பொண்ணு சொல்லிட்டா. அந்த நாடகத்தயே நிறுத்திட்டாங்களாம். நீங்க எங்கேர்ந்து பாத்தீங்க?"

"கோவமா அக்கா?" என்றேன்.

"கோவம் இன்னாத்துக்கு? நின்னுட்டான்னு கேட்டதும் அன்னிக்கித்தான் நல்லா தூங்கினேன்." ஒரு பருப்பை வாயில் போட்டார். "ஆனா ஒண்ணு. இட்டுனு வந்தது தப்புதான்."

"தப்பு இல்ல," என்றார் மதாம்.

"தப்புதான் மதாம்."

"டீச்சர் இத்தனை நாளா ஒண்ணும் சொல்லலியே," என்று மதாம் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. நின்னாளா?"

"விழுந்திருப்பா," என்றேன். "நின்ன உடனே விழுந்திருப்பா. ஆனா கீழ மணல்தானே."

அக்கா கடலை உரிப்பதை நிறுத்தினார். "ஈர மணலா, காஞ்ச மணலா?"

"அலை வர்ற இடம். ஈரம்தான்."

"ஈரம்னா கெட்டியா இருக்குமே," என்றார் அவர் கவலையோடு. மதாம், அவள் இறங்கியது அலைக்குக் கொஞ்சம் மேலே, காய்ந்த மணலில் என்றார். தான் நன்றாகப் பார்த்ததாகச் சொன்னார். பார்வை நேரம் முடிந்து சிஸ்டர் வந்து எழுப்பும்வரை இருவரும் அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.