முதல் சத்தம் தாய்மாமனுக்கு

பிறருக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறை வருகிற நாளை, வரிசை எண் கொடுத்து நடத்துவது என் தொழில். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு எங்கள் கோயமுத்தூர் மருத்துவமனையில் உள்காதில் கருவி பொருத்துகிறார்கள். தையல் ஆறிய பிறகு, காதின் பின்னால் வெளிக்கருவியை மாட்டி, கம்ப்யூட்டரில் இணைத்து, முதல் சத்தத்தை உள்ளே அனுப்புகிறவள் நான். பிரசவ வார்டு நர்சுகளே, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓடும் சமையல்காரர்களே, உங்களுக்குப் புரியும்: நமக்கு அது வேலை, எதிரில் இருப்பவருக்கு மறுபிறவி.

என் அறைச் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. கதவைச் சாத்தினால் அவிநாசி ரோட்டு ஹாரன் அத்தனையும் அடங்கிவிடும். உள்ளே நடப்பது கனவா நிஜமா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வரும்.

மாமன் உரிமை

தாராபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய சொந்தம் வந்திறங்கியது. மூன்று வயது யாழினிக்கு அன்று கருவியை ஆன் செய்ய வேண்டும். முதலில் யார் கூப்பிடுவது என்று வராந்தாவிலேயே பஞ்சாயத்து. மூன்று வருடமாகப் பதில் வராத பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பவள் அவள் அம்மா மகேஸ்வரி, நியாயமாக அவள்தான். ஆனால் அவளுடைய அண்ணன் சுப்பிரமணி தேங்காய், பழம், புதுக் கவுன் என்று தட்டில் சீரே கொண்டு வந்திருந்தார். "காது குத்தறப்ப என்ற மடியிலதானுங்க உக்காந்தா. காதைத் தொறக்கறப்பவும் நாந்தானுங்க மொதல்ல பேசோணும்" என்றார். மகேஸ்வரி விட்டுக்கொடுத்துவிட்டாள்.

அவர்கள் குறித்து வந்த நல்ல நேரத்தில் ஆன் செய்தேன். "கண்ணு" என்றார் மாமன். யாழினி மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். "யாழினிக் கண்ணு!" அடுக்குவது நிற்கவில்லை. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். திரையில் காது நரம்பு பதில் சொன்னது, பிள்ளை சொல்லவில்லை. சில குழந்தைகளுக்கு நாளாகும், அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். சொன்னேனே தவிர, எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மகேஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். மாமன்தான் வாசலில் தயங்கி நின்று சொன்னார்: "என்ற நாக்குலதான் ஏதோ கோளாறுங்க அம்மணி. அடுத்த தடவை நான் வாயே தொறக்கலைங்க."

மழை

அந்த வாரம் முழுக்க எனக்கு யாழினி நினைப்புதான். இடையில் சென்னிமலை நெசவாளி ஒருவர் மனைவியோடு வந்தார். காய்ச்சலில் காது போய்ப் பத்து வருடம்; அவருக்கும் கருவி பொருத்தியிருந்தார்கள். ஆன் செய்ததும் எங்கள் எல்லோர் குரலும் கீச்சுக்கீச்சென்று கேட்பதாகச் சிரித்தார். முதலில் அப்படித்தான் கேட்கும். பிறகு கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்குப் போனார். வெளியே மழை. "கடுகு பொரியுதுங்களே" என்று கையை நீட்டியபடி நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். அடுத்த ஆள் காத்திருப்பதே மறந்துபோனது. அவர் மனைவிக்கு மட்டும் வேறு கவலை: "பத்து வருசமா நான் திட்டுனதெல்லாம் வீணாப் போச்சுங்களே! இனி மொதல்ல இருந்து திட்டோணும்."

மூலையில் ஒருவர்

மறுவாரம் யாழினியும் அம்மாவும் மாமனும் மட்டும் வந்தார்கள். சீர் இல்லை, நல்ல நேரமும் கேட்கவில்லை. மாமன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு யாழினியின் முதுகுக்குப் பின்னால் மூலையில் உட்கார்ந்தார். மகேஸ்வரி கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவில்லை. அளவை ஒரு படி ஏற்றினேன். மறுபடி கூப்பிட்டாள். ஊஹூம். அவ்வளவு நேரம் மாமன் அடக்கி வைத்திருந்த இருமல் அப்போது வெடித்தது.

யாழினியின் கை, கட்டையோடு அப்படியே நின்றது. மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. ஓவென்று அழுதாள். "யாழினி" என்றாள் மகேஸ்வரி, பாதிக் குரலில். அழுகை சட்டென்று நின்று, முகம் அம்மா பக்கம் திரும்பியது. நான் அழுதேன், வேறென்ன செய்ய. ஒன்றும் புரியாத மாமன் எழுந்து என்னைக் கும்பிட்டார்: "நான் பேசலைங்க அம்மணி, இருமல்தானுங்க வந்துபோச்சு!"

நேரம் குறித்துச் சீர்த்தட்டோடு நாம் காத்திருக்கிற பெரிய நாள், தனக்குத் தோன்றிய நேரத்தில் ஓர் இருமலோடு வந்துவிடுகிறது.