பரந்தனில் மணியடித்த கொழும்பு நம்பர்

1. கறண்ட் இருக்கோ?

எங்கள் வேலைத்தலத்துக்குக் கொழும்பு நம்பர் கிடைத்த அன்று காலை, கிருபா ஒரு புது ரெலிபோனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பூசை செய்யாத குறையாக அதைத் துணியால் துடைத்துவிட்டு, "அக்கா, இனி இது அடிச்சால் நீங்கள் கொழும்பிலை இருக்கிறியள். விளங்குதோ?" என்றார். யன்னலுக்கு வெளியே ஏ-ஒன்பது வீதியில் நெல் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று போய்க்கொண்டிருந்தது. எனக்கு விளங்கத்தான் செய்தது. பிடிக்கவில்லை.

கிருபா எங்கள் முதலாளி. என்னைவிட வயதில் இளையவர் என்பதால் அவர் எனக்குத் தம்பி, நான் அவருக்கு அக்கா. பரந்தன் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே, தகரக் கூரை போட்ட கட்டடத்தில் குஞ்சு பொரிக்கிற மெஷின் செய்து விற்கிறோம். பலகைப் பெட்டி, உள்ளே சூடாக்கும் கம்பி, ஃபான், முட்டையைத் திருப்பிவிடும் மோட்டார், இவை எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிற ஒரு போர்ட். அந்தப் போர்ட்டைச் செய்கிறவர் நிஸாம் நானா. முஸ்லிம் அண்ணன் என்றால் எங்களுக்கு நானா; முல்லைத்தீவுக்காரர், அதிகம் பேசமாட்டார். ரெலிபோன், பில், பார்சல் எல்லாம் என் பொறுப்பு. நல்ல மெஷின். சம்பளம் வாங்குகிறவள் என்பதற்காகச் சொல்லவில்லை, வீட்டில் நானும் ஒன்று வைத்திருக்கிறேன்.

மெஷின் நல்லதாக இருந்து என்ன? எங்கள் பழைய நம்பர் 021 என்று தொடங்கும். வெளியூர்க்காரர் விலை கேட்பார்கள், எத்தனை முட்டை பிடிக்கும் என்று கேட்பார்கள், எல்லாம் பிடித்துப்போய், கடைசியில் "நீங்கள் எந்த இடம்?" என்பார்கள். கிளிநொச்சிப் பக்கம் என்றதும், சண்டை நடந்த இடமாச்சே என்று குரல் மாறிவிடும். கைபேசி நம்பர் கொடுத்தால் "ஒஃபீஸ் நம்பர் இல்லையா?" என்பார்கள். ஒருநாள் தெற்கிலிருந்து பேசிய ஒரு பண்ணைக்காரர், பாதி சிங்களமும் பாதி தமிழுமாக, "அங்கே கறண்ட் இருக்கா?" என்று கேட்டார். கறண்டில் ஓடுகிற மெஷினைச் செய்து விற்கிறவளிடம் கேட்கிறார்!

"இல்லை ஐயா. நாங்கள் மெஷினுக்குள்ளை ஒரு கோழியை இருத்தித்தான் அனுப்புறனாங்கள்" என்றேன்.

அவர் போனை வெட்டிவிட்டார். கிருபா என்னோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் கொழும்பு நம்பர் யோசனையோடு வந்தார்.

இளையவர்களுக்கு இது புதினமாக இருக்காது. நம்பர் இப்போது ஓர் ஊரின் கம்பத்தில் கட்டிய கம்பியோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, இன்ரநெற்றில் வருகிறது. வியாபாரப் பதிவையும் கொழும்பில் ஒரு விலாசத்தையும் கொடுத்தால் 011 நம்பர் தருகிற கொம்பனிகள் இருக்கின்றன. கிருபா தன் மச்சானின் வெள்ளவத்தை வீட்டு விலாசத்தைக் கொடுத்தார். ஆட்கள் கொழும்பு நம்பரை அழுத்தினார்கள், மணி பரந்தனில் அடித்தது. அதில் ஒரு பிழையும் இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். ஒருவன் தன் கடைக்குப் பெரிய பலகை மாட்டுவது போலத்தான் அதுவும்.

பிழை, அதோடு சேர்ந்து வந்த சட்டத்தில் இருந்தது. எடுத்தவுடன் "குட் மோர்னிங்" சொல்லவேண்டும். பரந்தன் என்ற சொல் வாயில் வரக்கூடாது. நேரில் வந்து பார்க்கிறோம் என்றால் ஷோரூமுக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள் என்று சொல்லவேண்டும். மெஷின் பழுது என்றால் கொழும்பிலிருந்து ரெக்னிசியன் மூன்று நாளில் வருவார் என்று சொல்லவேண்டும்.

ஓடர் வரத்தான் செய்தது. அதே பெட்டி, அதே போர்ட், அதே நான். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்வளவில் மயில் ஒன்று கூரை அதிரக் கத்திவிட்டது. "கொழும்பிலை மயிலா?" என்றார் மறுபக்கத்தில் இருந்தவர். "பக்கத்து வீட்டிலை வளர்க்கினம்" என்று கிருபா எழுதிக் காட்ட, நான் அதையும் சொன்னேன். வெட்கக்கேடு.

2. தமிழ் தெரிஞ்ச ஆக்கள்

மாரி மழைக் காலம். எட்டரை மணிக்குக் கதவு திறந்து கொஞ்ச நேரத்திலேயே கொழும்பு ரெலிபோன் அடித்தது. "குட் மோர்னிங்" என்றேன். மறுபக்கம் வெட்டிவிட்டது. திரும்ப அடித்தது. திரும்பவும் "குட் மோர்னிங்".

ஒரு பெண் குரல், பயந்து பயந்து, "மிஸ்... அங்கை தமிழ் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்றது.

பரந்தனில் இருக்கிற என் காதில் இந்தக் கேள்வி விழுந்தது.

"நான் தமிழ்தான். சொல்லுங்கோ" என்றேன்.

அவர் பெயர் மலர். ஊர் அக்கராயன். எங்களிடமிருந்து மோட்டார் சைக்கிளில் முக்கால் மணித்தியாலம் வராது. கொழும்பு வியாபாரி ஒருவரிடம் எங்கள் மெஷினை வாங்கியிருக்கிறார். பரந்தனில் செய்த பெட்டி கொழும்புக்குப் போய், கொழும்புச் சாமானாகத் திரும்பவும் எங்கள் வன்னிக்கே வந்திருக்கிறது. விடியப்புறம் மின்னலோடு மெஷின் நின்றுவிட்டது. உள்ளே ஐந்நூறு முட்டை, பொரிக்க இன்னும் இரண்டு நாள்தான்.

"என்ரை முட்டை மட்டும் எண்டால் பரவாயில்லை மிஸ். அயலுக்குள்ளை எல்லா வீட்டிலையும் வாங்கி வைச்சிருக்கிறன். பொரிச்சால் பாதி அவையளுக்கு, பாதி எனக்கு. இதுதான் முதல் தரம். இது பழுதாப்போச்சுதெண்டால் பேந்து ஒருத்தரும் என்னட்டை முட்டை தராயினம்."

பொரிக்கிற நாள் நெருங்கிய முட்டைக்குள் இருப்பது முழுக் குஞ்சு. சில மணித்தியாலம் குளிரைத் தாங்கும், நாள் முழுக்கத் தாங்காது. போனைக் கையால் மூடிக்கொண்டு கிருபாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நிஸாம் நானா அதற்குள் மேசையில் இருந்த புதுப் போர்ட் ஒன்றை எடுத்துப் பையில் வைத்துவிட்டார்.

கிருபா போனை என் கையிலிருந்து வாங்கினார். "எங்கடை ரெக்னிசியன் ஒராள் இண்டைக்கு வவுனியாவிலை நிக்கிறார். மத்தியானத்துக்குள்ளை வருவார், யோசியாதேங்கோ" என்று சொல்லி வைத்தார். பிறகு நானாவைப் பார்த்து, "பத்தரை மட்டும் இருங்கோ. பேந்து வெளிக்கிடலாம்" என்றார்.

"ஏன் தம்பி?" என்றார் நானா.

"வவுனியாவிலையிருந்து வாற ஆள் அரை மணித்தியாலத்திலை போய் நிண்டால் அவா என்ன நினைப்பா? வியாபாரிக்குப் போன் எடுத்துக் கேப்பா. பரந்தனிலை செய்யிற சாமான் எண்டு தெரிஞ்சால் அவர் அடுத்த ஓடர் தரமாட்டார். உங்கடை சம்பளமும் அதுக்குள்ளைதான் இருக்கு, நானா."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. இந்தக் கட்டடத்தில் எத்தனை குடும்பத்தின் சோறு இருக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் என் வாழ்க்கையில் இப்படியொரு கூத்தை நான் கண்டதில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு நானா கதிரையில் இருந்தார். வவுனியாவிலிருந்து அவர் வந்துகொண்டிருக்கிறாராம்!

"இப்ப ஓமந்தை தாண்டியிருப்பன்" என்றார் நானா என்னைப் பார்த்து. கொஞ்ச நேரம் கழித்து, அதே வவுனியா வீதியில் அடுத்த ஊராக, "புளியங்குளம்" என்றார். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

மலர் மறுபடி போன் எடுத்தார். முட்டைகளைச் சீலையால் போர்த்து, சுடுதண்ணிப் போத்தல்களை இடையில் வைத்திருக்கிறாராம். "கையிலை எடுத்தால் சில்லெண்டு கிடக்கு மிஸ். அவர் எங்கை வாறார் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோவன்."

அவர் என் மேசைக்கு எதிரே, ஆறடி தூரத்தில், கதிரையில் இருக்கிறார்!

போனை வைத்துவிட்டு எழும்பினேன். "நானா, வெளிக்கிடுங்கோ" என்றேன்.

"அக்கா, முதலாளி நானோ நீங்களோ?" என்றார் கிருபா.

"நீங்கள்தான். என்னை வேலையாலை நிப்பாட்டுறதெண்டால் பின்னேரம் நிப்பாட்டுங்கோ. இப்ப அந்த முட்டைக்குள்ளை உயிர் கிடக்கு. உங்கடை பொய் வவுனியாவிலையிருந்து வந்து சேருமட்டும் அது காத்துக்கொண்டிருக்குமோ?"

நானா என் பேச்சு முடியும்வரை நிற்கவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம்தான் கேட்டது.

3. கொழும்பிலிருந்து சொல்லுங்கோ

பிரச்சினை அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. அக்கராயனில் இருந்து நானா என் கைபேசிக்கு எடுத்தார். "அவா வாசல் படலை திறக்கிறா இல்லை" என்றார்.

பரந்தனிலிருந்து வருகிறேன், மெஷினைச் செய்ததே நான்தான் என்று அவர் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். மலர் நம்பவில்லை. கொழும்புக் கொம்பனி ஆள் தவிர வேறு யாராவது மெஷினில் ஒட்டிய சீல் முத்திரையை உடைத்தால் வரண்டி இல்லை என்று வியாபாரி சொல்லி விற்றிருக்கிறார். பரந்தன் ஆளுக்கு அந்த மெஷினில் என்ன வேலை?

"போனை அவாவிட்டைக் குடுங்கோ" என்றேன். காலையில் பேசியது நான்தான் என்று சொன்னேன். குரலைக்கூட மலர் நம்பவில்லை.

"உங்களை எனக்குத் தெரியாது. நீங்கள் கொழும்புக் கொம்பனி எண்டால் கொழும்பு நம்பரிலையிருந்து எடுத்துச் சொல்லுங்கோ. அப்ப திறக்கிறன்."

கொழும்பு ரெலிபோனைக் கிருபா தன் முன்னால் இழுத்து வைத்திருந்தார். நான் கையை நீட்டினேன். அவர் தரவும் இல்லை, தடுக்கவும் இல்லை. எடுத்து மலரின் நம்பரை அழுத்தினேன். உடனே எடுத்தார்.

"இது அந்த 011 நம்பர்தானே? பாத்துக்கொள்ளுங்கோ. நான் பரந்தனிலை இருந்து கதைக்கிறன். எங்களுக்குக் கொழும்பிலை ஒண்டும் இல்லை, நம்பர் மட்டும்தான். உங்கடை மெஷினைச் செய்தது உங்கடை படலையிலை நிக்கிற மனுசன்தான். உள்ளை விடுங்கோ."

"காலமை நான் எடுக்கேக்கையும் பரந்தனிலைதான் இருந்தனீங்களோ?"

"ஓம்."

"இந்த ஆளும் அங்கைதான் இருந்தவரோ?"

"ஓம்."

போனை வைத்துவிட்டார். படலையைத் திறந்துவிட்டார் என்று நானா பிறகு சொன்னார். போர்ட்டை மாற்ற அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை.

உண்மையைச் சொல்லவும் எங்களுக்குக் கொழும்பு நம்பர் தேவைப்பட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

4. வாளி

ஐந்நூறில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பொரித்தது. மிச்சம், ஓட்டுக்குள்ளேயே செத்துப்போனது.

மலர் அந்த முட்டைகளை ஒரு வாளியில் போட்டு, பஸ்ஸில் கொண்டுவந்தார். முப்பது வயதுகூட இருக்காது, மெல்லிய ஆள். வாளியைக் கிருபாவின் மேசையில் வைத்தார். நாற்றம் எழும்பியது. அவர் சத்தம் போடவில்லை, கிருபா கதிரை காட்டியும் உட்காரவில்லை.

"எல்லா முட்டையும் திருப்பித் தாறன், தங்கச்சி" என்றார் கிருபா.

"முட்டை வேண்டாம் அண்ணை. அயலுக்கு நீங்கள் வந்து சொல்லவேணும். கவனமில்லாமல் விட்டுட்டன் எண்டு கதைக்கினம். மெஷின் எங்கை செய்தது, ஆள் ஏன் பிந்தி வந்தது எண்டு நீங்கள் உங்கடை வாயாலை சொல்லுங்கோ."

கிருபா குனிந்து வாளியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. பரந்தனிலை செய்தது எண்டு சொல்லியிருந்தால் நீங்கள் வாங்கியிருப்பியளோ?" என்றார்.

மலர் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"மாட்டன்" என்றார். "வேற மெஷின் பாத்திருப்பன். வித்த நேரம் நீங்கள் சொன்ன பொய்யை நான் விட்டுடுறன் அண்ணை. முட்டை குளிருது எண்டு நான் அழேக்கை ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"நாளைக்கு வந்து சொல்லுறன், தங்கச்சி" என்றார் கிருபா.

அடுத்த நாள் அவர் அக்கராயன் போனார். நானும் கூடப் போனேன். மலர் வீட்டு முற்றத்தில் அயல் பெண்கள் கூடி நிற்க, மலர் கேட்டபடியே கிருபா எல்லாவற்றையும் சொன்னார். ஒரு அம்மா, "அப்ப இவள் மேலை பிழை இல்லையோ?" என்று கேட்டார். "இல்லை அம்மா, என்ரை பிழை" என்றார் கிருபா. அதைக் கேட்டபிறகுதான் மலர் எங்களுக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனார்.

கொழும்பு வியாபாரிக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா? கோபித்தார், கத்தினார். அடுத்த மாதம் வழமைபோல ஓடர் தந்தார், ஏனென்றால் அந்த விலைக்கு அந்த மெஷின் வேறெங்கும் இல்லை. எந்தப் பயத்துக்காக நானாவை வவுனியாவிலிருந்து வரப்பண்ணினோமோ, அந்தப் பயத்துக்கே இடமிருக்கவில்லை. அந்தக் குஞ்சுகள் ஒன்றுக்குமில்லாமல் செத்தன.

கொழும்பு நம்பரை நாங்கள் விடவில்லை. இப்போது என்னோடு இரண்டு பிள்ளைகள் ரெலிபோன் எடுக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: எந்த நம்பர் அடித்தாலும், பெயர் சொல்ல முந்தி, விலை சொல்ல முந்தி, "வணக்கம், பரந்தனில் இருந்து கதைக்கிறம்" என்று சொல்லவேண்டும். கேட்டவுடன் சிலர் வெட்டிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு முகம் வாடிப்போகும். "வெட்டுறவை வெட்டட்டும்" என்று சொல்லிவிடுவேன். வெட்டாமல் நிற்கிற ஆளுக்கு, உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முதல் சொல்லிலேயே தெரிந்திருக்கவேண்டும்.