பெண்டிங்கில் கிடந்த வாய்ஸ் நோட்

1. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?

எனக்கு சோப்புச் செய்யத் தெரியாது. வீட்டில் சோப்புச் செய்கிறவர்களின் ஆன்லைன் குழுவுக்கு ஆறு வருடம் மாடரேட்டராகச் சம்பளத்துக்கு இருந்தவள் இப்படிச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் படியுங்கள். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள், "மாடரேட்டருக்கு அந்த சப்ஜெக்ட்ல டிகிரி வேணுமா ஆன்ட்டி?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதிலில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். பி.காம். படித்துவிட்டு ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் புகார்ப் பிரிவில் இருபது வருடம் உட்கார்ந்தேன். அதை விட்டபின் செம்பூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். சோப்பு அச்சு, எண்ணெய், வாசனைச் சரக்கெல்லாம் விற்கிற கம்பெனி. வாங்குகிறவர்கள் பேசிக்கொள்ள அவர்களே தமிழில் ஒரு குழு நடத்தினார்கள். முதல் நாள் மேனேஜர் மூர்த்தி சார் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"சண்டை வராமப் பாத்துக்கோங்க மேடம். அவ்ளோதான் வேலை."

சண்டை வந்தது. வீட்டு சோப்புக்கு காஸ்டிக் சோடா வேண்டும். எண்ணெயோடு அது சேர்ந்தால்தான் சோப்பு. ஆனால் தோலில் பட்டால் வெந்துவிடும். அதனால் அளவு பற்றியே பாதிச் சண்டை. தப்பான அளவு எழுதிய ஒருவரின் பதிவை நீக்கினேன். அவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "நீங்க என்ன படிச்சிருக்கீங்க? பி.காம்.காரங்களுக்கு காஸ்டிக்கப் பத்தி என்ன தெரியும்? கணக்கு எழுதப் போங்க."

முப்பது பேர் அதற்குச் சிரிக்கிற முகம் போட்டார்கள். என் வயதுக்கு அதைத் துடைத்துப் போட்டிருக்க வேண்டும். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாளே மூர்த்தி சாரிடம் போய், படித்தவர்களுக்கு ஒரு பச்சை டிக் கொடுக்கலாம் என்றேன். காஸ்டிக் சம்பந்தப்பட்ட கேள்விக்கு டிக் உள்ளவர்களின் பதில் நேரே குழுவில் வரும். மற்றவர்களுடையது பெண்டிங்கில் நிற்கும், நான் பார்த்து அப்ரூவ் செய்தால்தான் வெளியே தெரியும். யோசனை முழுக்க என்னுடையது. இதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

2. பச்சை டிக்

முதல் டிக் டாக்டர் ரமணனுக்கு. கெமிஸ்ட்ரியில் பிஎச்.டி., காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். அவர் வந்தபின் சண்டை அடங்கியது. எனக்கும் நிம்மதி. யாராவது வாலாட்டினால், "டாக்டர் சொல்லிட்டார்" என்று ஒரு வரி போடுவேன். அத்தோடு சரி.

டிக் கேட்டு காதர் பாயும் ஃபாரம் அனுப்பினார். மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் சோப்புப் பட்டறை வைத்திருந்தார். ஓட்டல்களிலிருந்து வரும் துண்டு சோப்பை உருக்கி மறுபடி கட்டியாக்குகிற வேலை, கூடவே காஸ்டிக் போட்டுத் துணி சோப்பும். கல்வித் தகுதி என்ற கட்டத்தை அவர் காலியாக விட்டிருந்தார். சர்டிபிகேட் கேட்ட இடத்தில் தன் வலது கையின் போட்டோவை வைத்திருந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய வெந்த தழும்புகள்.

நான் போன் செய்து, "பாய், கையெல்லாம் சர்டிபிகேட் ஆகாது. ஏதாவது டிப்ளமா இருந்தா அனுப்புங்கோ" என்றேன்.

அவர் சிரித்தார். "டிப்ளமா படிச்சவன் எம் பட்டறைக்கு எதுக்கு மேடம் வாரான்? சரி, டிக்கு கெடக்கட்டும். நான் சொல்லுதத சொல்லுதேன். நீங்க பாத்துப் போடுங்க."

அவருக்குத் தமிழ் டைப் வராது. வாய்ஸ் நோட்தான் அனுப்புவார். பின்னால் பட்டறைச் சத்தம் கடகடவென்று ஓடும். அதைவிட எனக்குப் பொறுமையைச் சோதித்தது அவருடைய மரியாதை. விஷயத்துக்கு வருமுன் சலாம் சொல்வார், எல்லோருக்கும் வணக்கம் சொல்வார், ஒவ்வொருவராக நலம் விசாரிப்பார். ஒருமுறை எனக்கு முழங்கால் வலி என்று குழுவில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்று முதல் ஒவ்வொரு நோட்டிலும் என் முழங்காலும் உண்டு. பெரியவர்கள் கூடியிருக்கிற இடத்தில் எடுத்தவுடன் விஷயத்தைப் பேசுவது அவர் வளர்ந்த விதத்தில் மரியாதைக் குறைவு. எனக்கோ அது நேர விரயம்.

3. சலாம்

கல்யாணில் இருந்து பவித்ரா என்ற பெண் ஒரு காலையில் கேள்வி போட்டாள். அங்கேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது, ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவாள். மகளுக்கு முதல் பிறந்தநாள் வருகிறது, வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தன் கையால் சோப்புச் செய்யப்போகிறாள். எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் அளவுகளை எழுதி, பாத்திரத்தின் போட்டோவும் போட்டிருந்தாள். "ஸ்டீல் பாத்திரம்தான். இதுல காஸ்டிக் கரைக்கலாமா?"

டாக்டர் பத்து நிமிடத்தில் அவளுக்காக ஆங்கில எழுத்திலேயே பதில் போட்டார்: "அளவு சரி. தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவும். தொடங்கலாம்."

பதினொன்று பத்துக்குக் காதர் பாயின் வாய்ஸ் நோட் வந்தது. ஒரு நிமிடம் நாற்பது வினாடி. திறந்தேன். சலாம். வணக்கம். பத்மா மேடம், கால் வலி எப்படி இருக்கு? டாக்டர் சார் சுகந்தானே? தாராவியில் மழைத் தண்ணீர் பட்டறை வாசல் வரை. நிறுத்திவிட்டேன். டாக்டர்தான் சொல்லிவிட்டாரே, இவர் மேலே என்ன சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். பெண்டிங்கில் அப்போது ஏகப்பட்டது கிடந்தது. அதோடு இதுவும் கிடக்கட்டும் என்று அடுத்ததற்குப் போனேன்.

மறுநாள் மத்தியானம் பவித்ராவின் கணவர் குழுவில் எழுதினார். காஸ்டிக் பொங்கி முகத்தில் தெறித்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், வலது கண் கஷ்டம் என்கிறார்கள்.

என் கை நேரே பெண்டிங்குக்குத்தான் போனது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இந்த முறை முழுக்கக் கேட்டேன்.

"...கல்யாண் தங்கச்சி பவித்ரா, நல்லா இருக்கியாம்மா? புள்ளைக்குப் பொறந்தநாளா, அல்லா நல்லா வைக்கட்டும். தங்கச்சி, அந்தப் பாத்திரம் ஸ்டீல் கெடயாது. இண்டாலியம், அலுமினியச் சாதி. வாய்ப்பக்கத்தப் பாரு, மொத்தமா தட்டையா இருக்குல்லா? ஸ்டீல்னா வெளிம்பு மடிச்சிருக்கும். அதுல காஸ்டிக்கப் போட்டா ஏக்தம் பொங்கி மூஞ்சில அடிச்சிரும். எங்கிட்ட ஒரு பையன் அப்பிடித்தான் போட்டான், மேடம் எங் கைத் தழும்பப் போட்டோவுல பாத்திருப்பிய, அது அவனத் தள்ளிவிட்டதுல எனக்கு வந்தது. வேண்டாம்மா. தடி பிளாஸ்டிக் பக்கெட்டுல போடு. சந்தேகம்னா எனக்குப் போனு பண்ணு."

இருபது வருடப் புகார் ஃபைல்களில் இல்லாத தப்பு என் மேஜையில் நடந்திருந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். "நான் நம்பரைத்தான் பார்த்தேன் பத்மா. ஸ்டீல்னு எழுதியிருந்தா, ஸ்டீல்னே எடுத்துண்டுட்டேன். நாப்பது வருஷம் கண்ணாடி பீக்கர்லதான் கரைச்சிருக்கேன். எங்காத்துல எது இண்டாலியம்னு எனக்கே தெரியாது." மறுநாள் தன் டிக்கை எடுத்துவிடும்படி அவரே சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரிடம் கேட்டது அளவு, அதை அவர் சரியாகச் சொன்னார். பாத்திரத்தைத் தெரிந்தவர் சொன்னதை அடைத்து வைத்தவள் நான்.

தாராவிக்குப் போனேன். பட்டறையில் காதர் பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் தன்னையே நொந்துகொண்டார்.

"எம் மேலயுந்தான் தப்பு மேடம். நெருப்புப் பிடிச்ச வீட்டுல நின்னு எவனாவது சொகம் விசாரிப்பானா? நான் விசாரிச்சேன்லா."

"அப்படிச் சொல்லாதீங்கோ பாய். நான் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணுந்தான்," என்றார்.

அன்றிலிருந்து அவருடைய நோட்டுகள் மாறிவிட்டன. எடுத்தவுடன் விஷயம், கடைசியில் சலாம். என் முழங்காலை அவர் பிறகு விசாரிக்கவே இல்லை.

4. கல்யாண் ஸ்லோ

ஆஸ்பத்திரியில் நான் பவித்ராவை ஒருமுறை பார்த்திருந்தேன். கட்டுக்குள்ளிருந்து அவள் கேட்டாள்: "க்ரூப்ல இத்தனை பேர் இருக்காங்க. ஒருத்தருக்குக்கூட அது ஸ்டீல் இல்லன்னு தோணலையா மேடம்?"

"தோணலைம்மா," என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன். கம்பெனிக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்பெனி என்னிடம் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நான் பயந்தேன், அவ்வளவுதான். வலது கண் போய்விட்டது என்று தெரிந்தபின் அந்தப் பொய் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் கல்யாண் ஸ்லோ லோக்கல் ரயிலில் ஏறினேன்.

குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. பவித்ரா டீ போட்டுக் கொண்டுவந்தாள். கப்பை மேஜையில் வைக்கும்போது ஓரம் தவறி, சரிசெய்து வைத்தாள். நான் டீயைத் தொடாமல், "அன்னிக்கு உங்கிட்டப் பொய் சொன்னேன். ஒருத்தர் சொல்லியிருந்தார்" என்று சொல்லி, போனில் அந்த நோட்டைப் போட்டேன்.

சலாமிலிருந்து கேட்டாள். என் கால் வலி, டாக்டரின் சுகம், மழை, பட்டறை வாசல் எல்லாவற்றையும் கேட்டாள். அவள் பேர் வந்த இடத்தில் நிமிர்ந்தாள். முடிந்ததும், "திரும்பப் போடுங்க" என்றாள். திரும்பவும் முழுக்கக் கேட்டாள்.

"இது எத்தனை மணிக்கு வந்துச்சு மேடம்?"

"பதினொண்ணு பத்து."

"நான் மூணு மணிக்குத்தான் பண்ணேன். பேபி தூங்கட்டும்னு வெயிட் பண்ணேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். "அந்த பாய் நம்பர் குடுங்க" என்று மட்டும் கேட்டாள். கொடுத்தேன். "பேபி எழுந்துடுவா. நீங்க கிளம்புங்க மேடம்," என்றாள். டீ அப்படியே இருந்தது.

அந்த மாதமே வேலையை விட்டேன். மூர்த்தி சார் பிறகு பச்சை டிக்கை எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

மாடரேட்டருக்குப் பட்டம் வேண்டுமா என்று கேட்கிற பிள்ளைகளுக்கு: வேண்டாம். எனக்கு அந்தப் படிப்பு இல்லாதது அன்று ஒரு குறையாக இருக்கவில்லை. வருகிறதை முழுக்கக் கேட்பதுதான் எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை, அதை நான் செய்யவில்லை. யார் சொல்வது என்று பார்த்தேன், என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. அந்த நோட் இன்னும் என் போனில் இருக்கிறது. அன்று நான் நிறுத்திய இடம் இருபதாவது வினாடி. இருபத்து மூன்றாவது வினாடியில் அவர் பவித்ராவைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்.