பரலுக்குப் பக்கத்தில் நிற்பவர்

குணரத்தினத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னால் திருகோணமலையில் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆகாமல் என்ன, அந்தச் சாம்பல் நிற மொறிஸ் மைனரைத்தானே கட்டிக்கொண்டிருக்கிறார் என்பார்கள். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். காலையில் கடை திறப்பார், மண்ணெண்ணெய் அளந்து கொடுப்பார், வரிசையில் நிற்கும் சனத்தோடு வாய் கொடுப்பார், பின்னேரம் வந்து காரைக் கழுவுவார். பார்த்த கண்ணுக்கு இவ்வளவுதான் மனுசன். ஆனால் சண்டை மூளுவதற்கு முந்திய வருடங்களில் அவருக்குப் பரல் குணம் என்று இன்னொரு பெயர் இருந்தது.

தார் வரும் இரும்புப் பீப்பாவை எங்கள் பக்கத்தில் பரல் என்போம். சீனக்குடாவைத் தாண்டி, வெள்ளைக்காரன் உலகச் சண்டைக் காலத்தில் கொட்டிவிட்டுப் போன கொங்கிரீட் தரை ஒன்று சும்மா கிடந்தது. அதில் வெறும் பரல்களைக் கோணல் மாணலாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் சுற்றிச் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, கார்களை ஒவ்வொன்றாக விடுவார்கள். பரல்களுக்கு இடையில் வளைந்து வளைந்து வரவேண்டும். ஆர் கெதியாக வருகிறாரோ அவர் வென்றவர். பரல் வட்டத்தை விட்டு நகர்ந்தால் பிழை. நகர்ந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்பவர் அதற்கு முன் ஓடி முடித்தவர். அவர் தன் காரை நிழலில் விட்டுவிட்டு, சிவப்புத் துணியோடு வெயிலில் போய்ப் பரலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பிழையென்றால் துணியைத் தூக்க வேண்டும், விழுந்ததை நிமிர்த்தி வைக்க வேண்டும். இதில் பெரிய மனிசர் சின்ன மனிசர் என்ற கதையே கிடையாது.

விடாமல் வந்தவர்கள் மூன்று பேர். குணரத்தினம் ஒருவர். கிண்ணியாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த சரீப் இன்னொருவர். தன் பழைய ஒஸ்டினைப் பாதைப் படகில் ஏற்றிக் கடலைக் கடந்து வருவார். மூன்றாமவர் அருளம்பலம், துறைமுகத்தில் எஞ்சினியர். அவர் ஒரு தரம் தெற்குப் பக்கம் போய், எல்லாக் கார்களும் ஒன்றாக வட்டப் பாதையில் சுற்றும் ஓட்டத்தில் ஓடிவிட்டு வந்தார். வந்த நாளிலிருந்து வாய் மூடவில்லை.

"அதுதான் மச்சான் ஓட்டம். நாலாம் கியரில கால் அமத்தி ஓடலாம். பின்னால ஒருத்தன் முட்டுற மாதிரி வருவான். அப்பதான் பயம் தெளியும். இது என்ன, ரெண்டாம் கியரில கோழி மேய்க்கிற வேலை."

சரீப் லேசில் விடமாட்டார். "உன்ட ஓட்டத்தில பிழை விட்டா அடுத்தவன்ட காரை உடைப்பாய். டயர் தேஞ்சிரும், பிரேக் எரிஞ்சிரும், பிறகு கந்தோருக்கு நடந்துதான் போவாய். இங்க பிழை விட்டா பரல்தான் விழும். நாளைக்கும் இதே கார்ல கடைக்குப் போகலாம்."

குணரத்தினம் சரீப்பின் கட்சி. அவருடைய கட்சிக்குக் காரணம் கொஞ்சம் வேறு. பரலுக்குள் ஓடும்போது தனியேதான் ஓடுகிறோம். ஆனால் ஒருவர் கண் வெட்டாமல் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அது அவருக்குப் பிடித்திருந்தது. சரீப் அந்த விடயத்தில் பொல்லாத மனுசன். இரண்டு விரல் நகர்ந்தாலும் துணி மேலே போய்விடும். எத்தனையோ நாள் அதற்காக இரண்டு பேரும் சண்டை பிடித்து, ஒரே போத்தல் சோடாவில் சமாதானமாகியிருக்கிறார்கள்.

பிறகு சண்டை வந்தது. பெரிய சண்டை. தரை முகாமுக்குள் போனது. பரல்களையும் ஆமி எடுத்துக்கொண்டு போய், மண் நிரப்பி, தெருவில் சோதனைச்சாவடிக்குக் குறுக்கும் மறுக்குமாக வைத்தது. குணரத்தினம் தினமும் வேலைக்குப் போகையில் தன் கையால் எத்தனையோ தரம் நிமிர்த்திவைத்த பரல்களுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து போனார். ஒரு நாள் அவரையறியாமல் சிரித்துவிட்டார். என்ன சிரிப்பு என்று சென்ட்ரி கேட்டான். இது எங்கட பரல் என்று சொல்ல ஏலுமா? ஒன்றுமில்லை ஐயா என்றார், அதற்காக அரை நாள் வெயிலில் நிறுத்திவைத்தான்.

அருளம்பலம் லண்டனுக்குப் போய்விட்டார். சரீப்போடு நடந்ததுதான் கேடு. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று கண்டு பயந்த அந்த வருடம், சரீப்பின் கடை எரிந்தது. ஒஸ்டினும் அதோடு போயிற்று. குணரத்தினத்தின் வீட்டைக் கதவு நிலை வரைக்கும் கழற்றிக்கொண்டு போனார்கள். மொறிஸ் மட்டும் சங்கக்கடையில் நின்றபடியால் தப்பியது. அவன்கள்தான் செய்தார்கள் என்று இங்கே சொன்னார்கள். அதையே அங்கேயும் சொன்னார்கள். அந்த நேரம் கடலைக் கடந்து போய் என்ன ஏது என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. பிறகு பயம் மெல்லத் தணிந்தது. அதற்குள் வெட்கம் வந்துவிட்டது. இவ்வளவு நாள் போகாதவன் இப்போது எந்த முகத்தோடு போவது? இப்படியே வருடங்கள் போயின. குணரத்தினம் முற்றாகத் தனித்துப்போனார். கடையில் நாள் முழுக்க ஆட்களோடு கதைப்பார். வீட்டுக்கு வந்து காருக்குள் ஏறி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருப்பார்.

சமாதானம் பேசத் தொடங்கிய வருடம் முகாம் வேலியைப் பின்னுக்கு நகர்த்தினார்கள். தரை வெளியே வந்தது, விரிசல்களில் எருக்கலை முளைத்தபடி. அந்த நாட்களில்தான் அருளம்பலம் லண்டனிலிருந்து கோல் எடுத்தார். குணரத்தினம் கொமியூனிகேசன் கடையில் போய் நின்று கதைத்தார்.

"இஞ்ச காசு கட்டினால் நாள் முழுக்க ஓடலாம் மச்சான். முப்பது கார் ஒண்டாச் சுத்தும். முந்த வேணுமெண்டால் முன்னால போறவன் கை காட்டவேணும். காட்டாமல் முந்தினால் வீட்டுக்கு அனுப்பிப் போடுவாங்கள்."

"நல்லது. ஆரோட ஓடுறாய்?"

"ஆரெண்டு தெரியாது. எல்லாரும் ஹெல்மெட்டோட. முடிஞ்சதும் காரை ஏத்திக்கொண்டு போயிடுவினம்."

"பிழை விட்டால் ஆர் சொல்லுவினம்?"

அருளம்பலம், "ஒருத்தரும் சொல்லாயினம்" என்றார். பிறகு, "பின்னேரம் தேத்தண்ணி குடிக்கக் கூட ஆளில்லையடா" என்றார்.

அடுத்த கிழமை குணரத்தினம் சங்கக்கடையில் கிடந்த வெறும் மண்ணெண்ணெய்ப் பரல்களை லான்ட்மாஸ்டர் டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய் தரையில் நிறுத்தினார். எருக்கலையை வெட்டினார். சுண்ணாம்பு வட்டம் போட்டார். கிண்ணியாவிலிருந்து கடைக்குத் தயிர் கொண்டுவரும் ஆமினா உம்மாவிடம் சொன்னார்:

"சரீப்பைக் கண்டால் ஞாயிறு காலமை பரல் வைக்கிறன் எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

சரீப் வருவாரா என்ற ஒன்றுதான் அந்தக் கிழமை முழுக்க அவர் தலைக்குள் ஓடியது. சீனியை இரண்டு தரம் பிழையாக நிறுத்தார். ஞாயிறு போனது, ஒருவரும் வரவில்லை. "சொன்னன் மகன். அவர் கேட்டிட்டு ஒண்டும் கதைக்கல்ல" என்றார் ஆமினா உம்மா, தயிர்ச் சட்டியை இறக்கிக்கொண்டே.

அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்ததும். தனியே ஓடிப் பார்த்தார். வயது போனாலும் கை மறக்கவில்லை. ஒரு பரலும் விழாமல் வந்தார். வந்து நிறுத்தினால் ஒன்றும் தோன்றவில்லை. தொடாமல்தான் வந்தேனா? ஒன்றை உரசின மாதிரி இருந்ததே, அது வட்டத்துக்குள்தான் நின்றதா? தானே இறங்கிப் போய்த் தானே பார்த்து, பிழையில்லை என்று தனக்கே சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது? வருகிற ஞாயிறோடு பரல்களைக் கொண்டுபோய்க் கடையில் போட்டுவிடுவது என்று முடிவு கட்டினார்.

அந்த ஞாயிறு வெறுப்பில் ஓடினார். கடைசிப் பரலைக் கண்டும் கவனிக்கவில்லை. மட்கார்ட் இடித்த சத்தம் கேட்டது. விழுந்தால் விழட்டும் என்று தரையின் கோடி வரை போய்த்தான் காரைத் திருப்பினார். பரல் வட்டத்தில் நேராக நின்றது. பக்கத்தில் ஒருவர் நின்றார். தாடி முழுக்க வெள்ளை, இடுப்பில் சாரம், கையில் மடித்த குடை. சிவப்புத் துணி இல்லாதபடியால் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி உயர்த்திப் பிடித்திருந்தார்.

குணரத்தினம் காரை விட்டு இறங்கி ஓடினார். வாயில் எது முதலில் வந்ததோ அது வந்தது:

"விழயில்லையே! நான் பார்க்க நிக்குது!"

"நான் நிமித்தினதால நிக்குது. பிழை பிழைதான் மச்சான்" என்றார் சரீப்.

"கடை எரிஞ்சதுக்கு நான் வரயில்லை சரீப்."

"உன்ட வீட்டைக் கழட்டினதுக்கு நானும் வரல்ல." சரீப் தொப்பியை இன்னும் இறக்கவில்லை. "உனக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு. ரெண்டு பேருக்கும் பிழை."

குணரத்தினம் அந்தக் கொங்கிரீட் தரையிலேயே குந்தி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். சரீப் குடையை விரித்து அவருக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். அழுது முடிய, சாவியைக் கேட்டுக் கையை நீட்டினார்.

"என்ட முறை. நீ போய் நில்லு."

குணரத்தினம் காருக்குள்ளிருந்து பழைய சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு போய் முதலாவது பரலுக்குப் பக்கத்தில் நின்றார். சரீப் ஸ்டியரிங் பிடித்து எத்தனையோ வருடம். மொறிஸ் உறுமிக்கொண்டு வந்தது, வளையத் தொடங்கியது, முதல் பரலையே அடியோடு தட்டி விழுத்தியது. உள்ளேயிருந்து சரீப் கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தார்.

வேறு ஆளென்றால் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். குணரத்தினம் துணியைக் கை எட்டுமட்டும் தூக்கினார்.