முதலாம் தரத்துப் பிள்ளைக்கு மூன்று நேரசூசி

1. விழுந்த பிள்ளை

தவணை தொடங்கி ஆறாவது கிழமை, இரண்டாம் பாடவேளையில், என் வகுப்பில் ஹஸ்னா என்ற பிள்ளை நித்திரையோடு கதிரையிலிருந்து விழுந்தாள். நெற்றியில் சின்ன வீக்கம். அழக்கூட இல்லை, விழுந்த இடத்திலேயே சுருண்டு படுத்துவிட்டாள்.

நிந்தவூரில் அப்போது எனக்கு ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருந்தது. முதலாம் தரத்தில் இருபத்தாறு வருட அனுபவம் என்று நான் சொல்லாத கூட்டமில்லை. அந்த அனுபவம் அன்றைக்குச் செய்த வேலையைக் கேளுங்கள். ஹஸ்னாவுக்கு எழுத்துப் பிடிபடவில்லை, கேள்விக்குப் பதிலில்லை என்று முறைப்பாடு சொல்ல அதிபரிடம் போனேன். அவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“அந்தப் புள்ளட பேர மெல்லக் கற்போர் லிஸ்ட்ல போடுங்க டீச்சர். வலயக் கல்வி ஒபீஸ்ல கேக்கிறாங்க, நம்மட ஸ்கூல்ல ஆக்கள் காணாதாம்.”

பட்டியலுக்கு ஆள் காணாதாம்! கல்யாணத்துக்கு ஆள் சேர்ப்பது போல. சிரித்துவிட்டு நானும் எழுதிக் கையொப்பமிட்டேன். எங்கள் பாடசாலையில் அந்தப் பட்டியலில் ஏறிய பெயர் ஐந்தாம் தரம் வரை இறங்காது. புதிய ஆசிரியர் பிள்ளையின் முகத்தைப் பார்க்குமுன் பட்டியலைப் பார்ப்பார், பின்வரிசை வாங்கில் இருத்துவார். இது தெரிந்துதான் எழுதினேன்.

2. உம்மா கொண்டுவந்த தாள்கள்

மறுநாள் ஹஸ்னாவின் உம்மா ஸுலைஹாவை அழைத்தேன். ஏசுவதற்கே ஆயத்தமாக இருந்தேன்.

“வீட்டில ஒரு ஒழுங்கும் இல்லையா தங்கச்சி? புள்ள எத்தின மணி வரைக்கும் டிவி பாக்குது?”

“டிவியா? எங்கட ஊட்ட எல்லாம் நேரசூசிப்படிதான் டீச்சர்” என்று பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். மூன்றும் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகப் போட்டவை.

ஒன்று குர்ஆன் மதரசா மௌலவி கொடுத்தது: விடிய சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அரை மணி நேரம் சூறா பாடமாக்கல், பின்னேரம் நாலரையிலிருந்து ஆறு வரை ஓதல். இன்னொன்று டியூஷன் சேருடையது: இரண்டரையிலிருந்து நாலு வரை வகுப்பு, இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு வீட்டுப் பயிற்சி நாலு பக்கம். ஆறு வயசுப் பிள்ளைக்கு, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இப்போதே அத்திவாரமாம்.

மூன்றாவது பச்சைத் தாள். அதை எங்கு கண்டாலும் எனக்குத் தெரியும். முதல் நாள் பெற்றோர் கூட்டத்தில் நான் கொடுத்தது. கல்முனைக்குப் போய் நிறத்தாளில் போட்டோகொப்பி எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் உம்மா கையொப்பமிட ஒரு பெட்டி அடித்து, அதை ஒரு சாதனையாக நினைத்துக்கொண்டு கொடுத்தது.

“மூணு பேரும் படிச்சாக்கள். ஆர்ர சொல்ல நான் தட்டுற? மூண்டையும் சேத்துப் பாத்தா நேரம் காணல்ல. விடிய நாலரைக்கு எழுப்பிற, ராவைக்குப் பத்து மணியாகும் படுக்க.”

“நான் எட்டு மணிக்கு நித்திரை எண்டு போட்டிருக்கேனே!”

“ஓம் டீச்சர், போட்டிருக்கீங்க. ஆனா அதுக்குச் சைன் வைக்கப் பெட்டி இல்லையே. பெட்டி இல்லாததுதானேண்டு அதிலதான் குறச்ச.”

தாளைப் பார்த்தேன். பல் தீட்டப் பெட்டி இருந்தது. பால் குடிக்கப் பெட்டி இருந்தது. நித்திரைக்கு இல்லை. அந்த உம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

3. மற்ற இரண்டு பேர்

மௌலவியிடம் போனேன். “நீங்களும் நேரசூசி குடுத்த எண்டு எனக்குத் தெரியாதே டீச்சர். சின்னாக்கள் விடியப் பாடமாக்கத் தேவல்ல, பின்னேரம் வந்தாக் காணும்” என்று ஒரே பேச்சில் விட்டுக்கொடுத்தார். டியூஷன் சேர் அப்படி இல்லை. பெரிய மனிதர்.

“மத்தப் புள்ளைகள் தாங்குதே டீச்சர்?”

“மத்தப் புள்ளைகளும் என்ட வகுப்பிலதான் தூங்குது. அதுகள் விழல்ல, அவ்வளவுதான்” என்றேன்.

ஸுலைஹா டியூஷனை நிறுத்தினாள். பக்கத்து வீடுகள் வாயில் போட்டு மென்றன, அவள் அசையவில்லை. எட்டு மணிக்கு விளக்கை அணைத்தாள். அதிலிருந்து மூன்றாம் கிழமை ஹஸ்னா கரும்பலகையில் நான் எழுதிய ஐந்து வரியையும் தானாக வாசித்தாள். நான் எழுத்துப் பிழை விட்ட இடத்தில் நின்று, “டீச்சர், இது பிழ” என்றும் சொன்னாள்.

சந்தோஷத்தோடு அதிபரிடம் ஓடினேன், பெயரை வெட்டச் சொல்லி.

“வலயத்துக்கு அனுப்பினதை எப்பிடி டீச்சர் வெட்டுற? நாமதானே சைன் வெச்ச” என்றார்.

வலயத்துக்கு இரண்டு தடவை கடிதம் எழுதினேன். ஒரு தடவை நேரில் போனேன். கோப்பு வேறு மேசைக்குப் போயிருந்தது. அடுத்த வருடம் இரண்டாம் தரத்து வாசலில் எட்டிப் பார்த்தேன். ஹஸ்னா பின்வாங்கில் இருந்தாள். அந்த ஆசிரியையிடம் சண்டை பிடித்துத்தான் அவளை முன்னுக்குக் கொண்டுவந்தேன். பட்டியலில் பெயர் அப்படியே கிடக்கிறது, கீழே என் கையொப்பத்தோடு.

புதிதாக வரும் டீச்சர்மாரே, நேரசூசி தாராளமாகக் கொடுங்கள். அதற்கு முன் பிள்ளைக்கு வேறு யார் யார் கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறது என்று கேட்டுவிட்டுப் பேனையைத் திறவுங்கள். இருபத்தாறு வருட அனுபவத்தோடு நான் அதைக் கேட்கவில்லை.