தொலைபேசியில் பார்த்த கண்கள்

என் மேசையில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருந்தது. எண்பதுகளின் கடைசியில் அதன் வழியாக நான் பார்த்த கண்கள் அநேகம். திருமழிசைத் தொழிற்பேட்டையில், ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையைத் தனியாளாகக் கவனித்து வந்த நர்ஸ்தான் கூப்பிடுவார். எனக்கு அவர் வெறும் சிஸ்டர்; முகம் தெரியாது. அங்கிருந்து எங்கள் கண் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் வருவதற்குள் பாதிப் பகல் போய்விடும். அதனால் யார் கண்ணிலாவது அமிலம் தெறித்தால், ஒரு கையில் ரிசீவரும் மறு கையில் டார்ச்சுமாக, "கருவிழி மங்கலா கீது டாக்டர், இமைக்குள்ள வெள்ளையா ஒட்டிக்கினு கீது" என்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்வார். "கழுவிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க" என்பேன். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் எனக்கே கேட்கும். ஒன்றும் நடக்காத நாட்களிலும் சில சமயம் மணி அடிக்கும். "லைன் வேலை செய்யுதான்னு பார்த்தேன்" என்பார். எனக்கும் பேச ஆளில்லாத காலம் அது. சும்மா கூப்பிடுகிறார் என்று தெரிந்தும் பிடித்திருந்தது.

ஒரு நாள் காலை கூப்பிட்டார். "ஒரு ஆளுக்குக் கண்ணு ஓரத்துல திரை மாதிரி எறங்குது டாக்டர். மின்னல் மின்னலா வெட்டுது. வலி இல்ல. ஞாயித்துக்கிழமை அனுப்பட்டுமா?"

விழித்திரை கழன்று வருகிறது என்று புரிந்தது. நடுப்பார்வை வரைக்கும் கழன்றுவிட்டால் பழைய பார்வை திரும்புவது கஷ்டம். "இப்பவே அனுப்புங்க. கூட யார் வர்றாங்க?" என்றேன். கண் சிவந்திருக்கிறதா என்றும் கேட்டேன். கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிற மனுஷி, அன்றைக்குத் தடுமாறினார்.

"சிஸ்டர், அந்த ஆள் நீங்கதானே?"

"நான் கெளம்பிட்டா இங்க யார் கண்ணுல இன்னா பட்டாலும் பாக்க ஆளில்ல டாக்டர்."

"வாட்ச்மேன்கிட்ட இந்த நம்பரைக் குடுங்க. இங்க எங்கள்ல யாராவது போன் எடுத்து என்ன செய்யணும்னு சொல்வோம். நீங்க கிளம்புங்க."

மதியம் தனியாக வந்து சேர்ந்தார். நல்லவேளை, ஓரம் மட்டும்தான் கழன்றிருந்தது. அன்றே ஆபரேஷன் செய்து, அந்தக் கால வழக்கப்படி இரண்டு கண்களையும் கட்டிப் படுக்க வைத்தோம்.

இப்போது எங்கெங்கிருந்தோ கண்களின் படங்கள் என் கைப்பேசிக்கு வருகின்றன. எந்த டார்ச்சும் காட்டாத துல்லியம். பார்த்து, நாலு வார்த்தை தட்டி அனுப்பிவிடுகிறேன். யார் குரலும் கேட்பதில்லை. அப்போதெல்லாம் அந்த வார்டுதான் நினைவுக்கு வருகிறது.

ஆபரேஷனுக்கு மறுநாள் கட்டைப் பிரித்து வெளிச்சம் அடித்தபோது, "இன்னா தெரியுது, சொல்லுங்க டாக்டர்" என்றார். "ஒட்டிக்கிச்சு சிஸ்டர், பார்வை போகாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கட்டினேன். மற்ற கட்டில்களைச் சுற்றி உறவுக்காரர்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார்கள். இவர் பக்கத்தில் யாரும் இல்லை. நான் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த சத்தம் கேட்டு, கட்டுப்போட்ட முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"போனை வெச்சிடாதீங்க டாக்டர்."