பூஜைக்குப் போய் வந்த ஃபஸ் பெடல்

சுத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது குமட்டுகிறது.

என்னிடம் ஒரு பழைய ஃபஸ் பெடல் இருந்தது. காலால் மிதிக்கிற கனத்த இரும்புப் பெட்டி. எலெக்ட்ரிக் கிட்டாரை அதன் வழியாக வாசித்தால், தொண்டை கட்டின ஆள் கோபத்தில் கத்துகிற மாதிரி ஒலி கிழிந்து வரும். அந்தக் கரகரப்பைக் கொடுப்பதுதான் அதன் வேலையே. உள்ளே இருந்த பழைய டிரான்சிஸ்டர்கள் மாதிரி இப்போது கிடைப்பதில்லை. சைதாப்பேட்டையில், கல்யாணக் கச்சேரிகளில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் நடையாய் நடந்து வாங்கினேன். விஜயதசமி முடிந்த திங்கட்கிழமை கிண்டியில் எனக்கு ஒலிப்பதிவு. அந்தச் சத்தத்துக்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நான் இருப்பது மயிலாப்பூரில், அக்கா வீட்டு மாடியில். சரஸ்வதி பூஜைக்கு வீட்டு வாத்தியங்களையெல்லாம் துடைத்து அம்பாள் முன் வைத்துவிடுவார்கள். விஜயதசமி காலையில் எடுத்து ஆளுக்கு ஒன்று வாசிக்க வேண்டும். அக்காவின் வீணை, அத்திம்பேரின் மிருதங்கம், என் கிட்டார். இந்த வருஷம் சில நாள் முன்னதாகவே அத்திம்பேர் மாடியேறி வந்து பெடலையும் கேட்டு வாங்கிப்போனார். எனக்கு உள்ளூரப் பெருமைகூட.

விஜயதசமி காலையில், சந்தனமும் குங்குமமுமாக இருந்த பெடலைக் கூடத்திலேயே ஆம்ப்ளிஃபயரில் மாட்டி மிதித்தேன். கிட்டார் வெறும் கிட்டாராகக் கேட்டது. மறுபடி மிதித்தேன். அதேதான்.

"சரியாயிடுத்தா?" என்றார் அத்திம்பேர். "கீழேர்ந்து வருஷக்கணக்கா கேட்டுண்டிருக்கேன், கிழிஞ்ச ஸ்பீக்கராட்டம். ரிப்பேரான வாத்யத்த அம்பாள் முன்னாடி வெக்கப்படாது. சிந்தாதிரிப்பேட்டைல ஒரு ரிப்பேர் கடைக்காரன்ட்ட குடுத்தேன். 'இன்னா சார், உள்ள எல்லாம் தாத்தா காலத்து சரக்கா கீது'ன்னான். கரகரப்பு சுத்தமா போகணும்னேன். எல்லாத்தையும் பிடுங்கிட்டு நேரா ஒயர் குடுத்துட்டான்."

"பிடுங்கினதெல்லாம் எங்கே?"

"குப்பைய யாராவது ஆத்துக்குக் கொண்டுவருவாளா?"

"இப்பதான் காதுக்கு எதமா இருக்கு" என்று அக்கா சுண்டல் கிண்ணத்தை நீட்டினாள். அத்திம்பேர் முகத்திலிருந்த அந்தப் புண்ணியம் செய்த திருப்தியைப் பார்க்கப் பார்க்க, பாதிச் சாப்பாட்டில் தலைமுடி கண்ட மாதிரி அருவருப்பாக இருந்தது. என்னைக் கேட்க வேண்டும் என்று இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே! கேட்காமல் செய்கிற உபகாரத்தைவிட அசிங்கமானது வேறில்லை.

"திங்கக்கெழம தைரியமா எடுத்துண்டு போ" என்றார். பிறகு ஆம்ப்ளிஃபயர் பக்கம் காதைச் சாய்த்தார். "இதுலயும் என்னமோ இரையறதே. நாளைக்கு அந்தப் பக்கம்தான் போறேன், குடுத்துடவா?"

நான் போய் ஆம்ப்ளிஃபயரின் மேல் உட்கார்ந்தேன். மத்தியானம் இலை போட்டுக் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை.